கட்டைவிரல் அகலம்

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் சாய்த்துப் பார்ப்பார். டீ டம்ளர், ஐந்து ரூபாய்த் தாள், பஸ் டிக்கெட், எதுவானாலும் சரி. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எங்காவது ஓர் எண் இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் வாய்விட்டுப் படிப்பார். அதற்கப்புறம்தான் டீ தொண்டைக்குள் இறங்கும்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குக் கடை இருந்தது. பழைய துப்பாக்கிகளுக்குத் துரு எடுத்து, கட்டைக்கு எண்ணெய் ஏற்றி, இரும்புக்குக் கறுப்பு ஏற்றித் தருகிற வேலை. அதற்கு அரசாங்க உரிமம் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை 'நம்பர் நைனா' என்றுதான் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் எழுதவில்லை.

அவரைக் கேலி செய்யாத ஆள் அந்தச் சந்தில் கிடையாது. பக்கத்தில் பால் ஊற்றுகிற ஓர் அம்மா வங்கிக் கடனில் மாடு வாங்கியிருந்தார். கடன் மாடு என்பதற்கு அடையாளமாக அதன் காதில் நம்பர் போட்ட வில்லை மாட்டியிருப்பார்கள். நைனா தினமும் காலையில் அந்த மாட்டின் காதைப் பிடித்துச் சாய்த்து, நம்பரைப் படித்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். "இன்னா நைனா, மாட்டுக்கு ஹாஜர் எடுக்கிறியா?" என்று அந்த அம்மா கேட்டால், "வில்ல உழுந்துச்சின்னா இது உன் மாடுன்னு மாடா வந்து சொல்லும்?" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். கேட்டவர்கள்தான் சிரித்துக்கொள்ள வேண்டும். நானும் சிரித்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு எதைப் பார்த்தாலும் தேய்க்க வேண்டும். பாரிவாக்கத்தில் என் அம்மா வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கல்யாணமாகி முத்தாபுதுப்பேட்டைக்கு வந்த பிறகு அது இன்னும் முற்றிப்போனது. கரி பிடித்த பாத்திரம் ஒன்று என் வீட்டில் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் விளக்குகிற லட்சணத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுவேன். யாராவது எதையாவது கெடுத்துவிட்டால் அவ்வளவுதான், ஒரு வாரத்துக்கு விடமாட்டேன்.

என் வீட்டுக்காரர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருந்தால் வங்கியில் காவல் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். வயதான அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு பழைய ரைபிளை வாங்கி, முறைப்படி உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அம்பத்தூரில் ஒரு வங்கி வாசலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அந்தத் துப்பாக்கிதான் எங்களுக்குச் சோறு போட்டது. துப்பாக்கி இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை.

அது பழையது என்றால் அப்படி ஒரு பழையது. துரு ஏறி, பழுப்பும் கறுப்புமாகத் தேமல் விழுந்த மாதிரி இருந்தது. வங்கி மேனேஜர் ஒருநாள், "இன்னாய்யா, பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் போல கீது" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ஆடி மாதத்தில் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம்பர் நைனா கடைக்குப் போனோம். எண்பதுகளின் கடைசி அது. மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

"வா மிலிட்டரி. புக்கு எங்க?"

என் வீட்டுக்காரர் உரிமப் புத்தகத்தை நீட்டினார். நைனா வாங்கவில்லை.

"நீயே நம்பர படி."

"ஏன், நீ படியேன். உனுக்குக் கண்ணு தெரியாதா?"

"ரெண்டையும் நானே பாத்தா, புக்குல கீறதே இங்கயும் கீற மாறி தெரியும். நீ புக்கப் பாத்துப் படி. நான் துப்பாக்கியப் பாக்கறேன்."

ஒவ்வோர் எண்ணாக அவர் படிக்க, நைனா ரைபிளைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் "ஆங்... ஆங்..." என்றார். நம்பர் ஏற்கனவே தேய்ந்து, மேலோட்டமாகத்தான் இருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. அப்புறம் ஒரு மெல்லிய தாளை அந்த இடத்தில் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் வெள்ளையாக நம்பர் எழுந்து வந்தது. அதைக் கத்தரித்து ஒரு நீள நோட்டில் ஒட்டினார். கீழே அதே அளவுக்கு இடம் விட்டார். கடைசியில் ஒரு மெழுகுவத்தித் துண்டைக் கொளுத்தி, நம்பர் மேல் சொட்ட விட்டு, கட்டைவிரலால் அழுத்தினார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மெழுகு வில்லை நின்றது.

"இந்த மெழுவுக்குக் கீழ கீறது உன்னுது இல்ல, என்னுதும் இல்ல. கெவுருமெண்ட்டுது. அத்த வுட்டுட்டு மீதிய புதுசாக்கித் தரேன்."

கடை மூலையில் பாலிஷ் சக்கரம் ஒன்று சாக்குப் போட்டு மூடியிருந்தது. அதில் கொடுத்தால் சீக்கிரம் முடியாதா என்று நான் கேட்டேன்.

"முடியும்மா. அஞ்சே நிமிசம். ஆனா சக்கரத்துக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

"சுத்தியும் கண்ணாடி மாறி பண்ணிட்டு நடுவுல மட்டும் அழுக்கா வுட்டா நல்லாவா இருக்கும் நைனா?"

"நல்லா இல்லாமலே இருக்கட்டும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு அரைகுறை வேலை செய்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் போய் வாங்கினோம். சொன்னபடி புதுசாகத்தான் ஆக்கியிருந்தார். மழைக்கால இரவு மாதிரி ஒரே கறுப்பு. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் அந்தப் பழைய பழுப்புத் தேமல் அப்படியே இருந்தது. மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, நைனா மறுபடியும் தாள் வைத்துத் தேய்த்தார். அந்த இரண்டாவது நகலை முதல் நகலுக்குக் கீழே ஒட்டினார். வேலைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"ரெண்டையும் ஒத்துப் பாத்துட்டு கையெழுத்துப் போடு மிலிட்டரி."

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மணிக்கு டூட்டி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது நகலின் மேல் ஒரு கிறுக்குக் கிறுக்கினார். ஒத்தும் பார்க்கவில்லை, துப்பாக்கியைத் திருப்பியும் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் அவர் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தவர் இல்லை. நைனா அவரை ஒரு பார்வை பார்த்தார். நோட்டை மூடினார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

வீட்டில் இருக்கிற அரிவாள்மனை, கத்தி, சைக்கிள், தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கிற நாள். எங்களுக்குச் சோறு போடுகிற ஆயுதம் எது? அதற்குத்தானே நடு இடம்? என் வீட்டுக்காரர் தோட்டாக்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ரைபிளைப் பூஜைப் பலகையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு அந்தத் தேமல் கண்ணை உறுத்தியது. மனுஷன் முகத்தில் எச்சில் பருக்கை ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

பக்கத்து வீட்டில் லேத்துப் பட்டறைக்குப் போகிற ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து பாத்திரத்தின் அடிக்கரியை எடுக்க உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தேன். அதை ஒரு மரத்துண்டில் சுற்றி, அந்த இடத்தை மட்டும் தேய்த்தேன். ஏழு மாதிரி ஏதோ ஓர் எண் கண்ணில் படத்தான் செய்தது. என் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். பத்து வருஷமாகத் தேய்க்கிறேன், ஓர் எழுத்து மங்கவில்லை. உலோகத்தில் வெட்டியது எங்கே போய்விடும் என்று நினைத்தேன். தோள் கடுக்கத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆனது. அதன் மேல் சந்தனத்தை அப்பி, நட்டநடுவில் குங்குமம் வைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவர், "அடடே, துப்பாக்கிக்குக் கல்யாணக் கள வந்துட்ச்சே!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்கழியில் உரிமம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் துப்பாக்கிக்கு எண்ணெய் போட உட்கார்ந்தவர், காய்ந்த சந்தனத்தைத் துடைத்தார். சாய்த்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. நான் திறந்தேன், ஆனால், "நல்லா பாருங்க, வேற எடத்துல கீதோ இன்னாவோ" என்று சொல்வதற்காகத் திறந்தேன்.

அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நைனாவிடம் ஓடினார். அங்கே நடந்ததை அவரே திட்டிக்கொண்டே சொன்னதில்தான் எனக்குத் தெரியும். நம்பர்தான் உரிமப் புத்தகத்தில் இருக்கிறதே, நோட்டிலும் இருக்கிறதே, அதே நம்பரை மறுபடி அடித்துக் கொடு என்று கேட்டிருக்கிறார். கெஞ்சியிருக்கிறார். நைனா துப்பாக்கியை வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மாட்டேன் என்றிருக்கிறார்.

"அதே நம்பர்தான்யா! ஒரு எழுத்து மாறாத அடிச்சிக் குடேன்!"

"அதே நம்பர்தான். ஆனா நான் அடிச்சா அது திருட்டு நம்பர், மிலிட்டரி. நீயா ஸ்டேஷனுக்கு எட்த்துகினு போ. அழிஞ்சி போச்சின்னு எழுதிக் குடு. அவுங்க ஆர்டர் போட்டு அவுங்களே அடிச்சித் தருவாங்கோ. அதான் வழி."

என் வீட்டுக்காரர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர். கொண்டுபோய் எழுதிக் கொடுத்தார். துப்பாக்கியை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டு, யார் அழித்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். எதற்கு அழித்தாய் என்று கேட்டார்கள். விஷயம் தாலுகா ஆபீசுக்குப் போனது. திங்கட்கிழமைதோறும் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கேஸ் என்று ஆகிவிட்டால் உள்ளே போக வேண்டும், பென்ஷனும் போய்விடும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவர் தேய்த்து மடித்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போக இடம் இல்லாமல் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேலை நின்ற மூன்றாம் நாள் நைனா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் மேனேஜரைப் பார்க்கப் போயிருந்தார். நைனா தண்ணீர் கேட்டார். பித்தளைச் சொம்பில் கொடுத்தேன். வழக்கம்போல வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதில் நம்பர் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"உப்புத்தாளு எத்தினாம் நம்பரும்மா?"

"எண்பது" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"ஆங்" என்றார் அவர். துப்பாக்கி நம்பரைப் படிக்கும்போது சொல்வாரே, அதே மாதிரி.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் விரலால தேய்ப்பேன். என் கோடு வட்டமா போவும். துப்பாக்கில கோடு குறுக்கால போவுது. இந்தச் சொம்புலயும் அப்டித்தான் போவுது. மிலிட்டரிக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், தெரியாது என்று.

"சொல்லிடும்மா. தெரியாத பண்ணது. பூசைக்குத் தேய்ச்சேன்னு சொன்னா தாசில்தாருக்குப் புரியும். அவுரு ஊட்லயும் ஆயுத பூஜ உண்டு. ஆனா நீ சொல்லலன்னா, நம்பர் இல்லாத துப்பாக்கி யாரு கைல கீதோ அவந்தான் அழிச்சான்னு சட்டம் எடுத்துக்கும். இல்லன்னு காட்ட வேண்டியது அவன் பொறுப்பு. எதைக் காட்டுவான்?"

"அவரு என்ன வெட்டிப் போட்ருவாரு நைனா."

அது பொய். என் வீட்டுக்காரர் கத்துவார், அவ்வளவுதான். எனக்கு வேறு பயம். ஊரில் எல்லோருக்கும் குறை சொன்னவள் நான். 'நீதானாடி அது' என்று ஒரு வார்த்தை கேட்டு வாழ என்னால் முடியாது என்று தோன்றியது.

நைனா சொம்பைத் தள்ளி வைத்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என் சம்சாரத்தோட அண்ணன். அவன் துப்பாக்கிய நாந்தான் புதுசாக்கிக் குட்த்தேன். தொழிலுக்கு வந்த புதுசு. பொங்கலுக்கு வேணும்னான். சக்கரத்துல குட்த்தேன். நம்பர் போய்ட்ச்சி. அவன்கிட்ட சொல்லல. மேல கறுப்பு ஏத்திக் குட்த்துட்டேன். ஆறு மாசம் கழிச்சி அவன புட்ச்சாங்கோ. ஸ்டேஷன்ல என்னியும் கூப்ட்டுக் கேட்டாங்கோ. மச்சான் என்னப் பாத்தான். நான் கீழ பாத்தேன்."

"அப்புறம்?"

"பதினோரு மாசம் உள்ள இருந்தான். நான் சொல்லியிருந்தா மூணு நாள்ல வந்திருப்பான். என் கடை போயிருக்கும், அவ்ளோதான். வெளிய வந்து யார்கிட்டயும் பேசல. ஒருநாள் ஏரிப் பக்கமா போனான், வரல. அதுக்கப்புறந்தான் என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அவ ஒண்ணும் கேக்கல. துணிய எட்த்துகினு அவுங்க ஊட்டுக்குப் போய்ட்டா."

எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "அந்த நோட்டுல மொதப் பக்கம் அவனுக்குன்னு வுட்டு வெச்சிக்கிறேன். ஆனா அந்தத் துப்பாக்கி நம்பர் இன்னான்னு எனுக்கே நெனப்பு இல்ல. எழுதி வெக்கல. பக்கம் சும்மாதான் கீது."

வாசலில் நின்று, "திங்கக்கெழம நானும் வரேன். நீ சொல்லும்போது பக்கத்துல நிக்கிறேன்" என்றார். வருகிறேன் என்று சாமி படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

முதல் திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்வரை போனேன். பஸ் வந்தது, நின்றது, போனது. திரும்பி வந்து, சுத்தமாக இருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன்.

இரண்டாவது திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் வாசல்வரை போய்விட்டேன். உள்ளே வராந்தா பெஞ்சில் என் வீட்டுக்காரர் முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பியூன் அவரைத் தள்ளி உட்காரச் சொல்ல, அவர் உடனே எழுந்து நின்றார். பட்டாளத்தில் இருந்த மனுஷன் ஒரு பியூனுக்கு எழுந்து நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் நைனா, மஞ்சள் பையில் அந்த நோட்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நான் திரும்பி நடந்தேன். நான் திரும்பியதை அவர் பார்த்தார். அந்தத் தூக்கிய கையை எப்போது கீழே போட்டார் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது திங்கட்கிழமை நான் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு கையில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார்.

"தல தப்பிச்சிடுச்சிடி! எவன் அழிச்சான் தெரியுமா? அந்த நம்பர் நைனாதான்! அவனே எழுதிக் குட்த்துட்டான். வேல செய்யும்போது கை தவறி அழிச்சிட்டேன், மிலிட்டரிக்குத் தெரியாதுன்னு. நோட்ட வாங்கிப் பாத்தாங்கோ. என் பக்கத்துல மேல் பாதி கீது, கீழ் பாதி இல்ல. ரெண்டாவது நகல கிழிச்சிட்டு கீறான் திருட்டுப் பய. ஏன்டா கிழிச்சேன்னு கேட்டா, மறைக்கத்தான் கிழிச்சேன்றான். நான் பாக்காத கையெழுத்துப் போட்டேன் பாரு, அது அவனுக்கு வசதியா பூட்ச்சி. அவந்தான் என்ன ஸ்டேஷனுக்குப் போன்னு சொன்னான், யோக்கியன் மாறி!"

ஜாங்கிரியை என் வாயில் ஊட்டினார். நான் தின்றேன்.

என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். முதல் நகல் இருந்ததால் துப்பாக்கி அதேதான் என்பதும் ருசுவாகிவிட்டது. ஆர்டர் வந்து, நம்பரை மறுபடி அடித்துத் தந்தார்கள். வேலையும் திரும்பக் கிடைத்தது. நைனாவின் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு கடையைப் பூட்டினார்கள். கேஸ் போட்டு வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலையவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடம் எங்கள் வீட்டு அடுப்பங்கரை. அது ஒருவருக்கும் தெரியாது.

நம்பரைத் தொடவே மாட்டேன் என்று வாழ்நாளெல்லாம் இருந்தவருக்கு, நம்பரை அழித்தவன் என்று பெயராகிவிட்டது. சந்தில் யாரும் அதற்கப்புறம் கேலி செய்யவில்லை. கேலி செய்கிற உறவுகூட விட்டுப்போனது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, தங்கை வீட்டுக்குப் போகிற வழியில் ஐயப்பன்தாங்கலில் அவரைப் பார்த்தேன். பஸ் டெப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தார். வருகிற சைக்கிள் சீட்டில் சாக்பீசால் நம்பர் எழுதி, அதே நம்பர் போட்ட வில்லையை ஆளிடம் கொடுக்கிற வேலை. ரொம்ப இளைத்திருந்தார். என்னைக் கண்டதும், "வாம்மா. மிலிட்டரி சௌக்கியமா?" என்றார். நான் அழுதுவிட்டேன். நடு ரோட்டில், வருகிற போகிறவர்கள் பார்க்க.

"ஏன் நைனா அப்டிப் பண்ணே? நான் சொல்லியிருப்பேனே."

"நீ சொல்லியிருக்க மாட்டம்மா" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். "எனுக்குத் தெரியும். நானும் அப்டி நின்னவந்தான். அன்னிக்குச் சொல்ல வேண்டியத இன்னிக்குச் சொல்லிட்டேன். ஆளுதான் வேற."

மேல்சட்டைப் பையிலிருந்து உரிமப் புத்தகத்துக்குப் போடுகிற பழைய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே அந்தக் கிழித்த பாதி. பென்சில் சாம்பலில் வெள்ளையாக முழு நம்பரும் இருந்தது. அதன் மேல் என் வீட்டுக்காரரின் கிறுக்கல் கையெழுத்து, தேதியோடு. அவர் கடையிலிருந்து துப்பாக்கி போனபோது நம்பர் இருந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. என் கையில் வைத்தார்.

"எனுக்காக சொல்ல வாணாம். என் வேல முட்ஞ்சிப் போச்சி. உனுக்காக என்னிக்காவது சொல்லு. சொல்லாத இருந்து பாத்தவன் நான். சோறு எறங்காதும்மா."

ஒருவன் சைக்கிளோடு வந்து நிற்க, நைனா சைக்கிளைச் சாய்த்து, சீட்டில் நம்பர் எழுதி, வாய்விட்டுப் படித்தார்.

எனக்குச் சோறு இறங்கியது. அதுதான் உண்மை. அந்தத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு, வேளாவேளைக்குத் தின்றேன். என் வீட்டுக்காரர் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துப்பாக்கியைப் பலகையில் வைத்துவிட்டு, "அந்தத் திருட்டுப் பய என்ன உள்ள தள்ளப் பாத்தான்" என்று மறக்காமல் ஒரு தடவை திட்டுவார். நான் துப்பாக்கியின் மரக்கட்டைமேல் மட்டும் பொட்டு வைத்துவிட்டு, கற்பூரம் ஏற்றுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவர் சொன்னார். "நம்பர் நைனா போய்ட்டானாம். ஸ்டாண்டுலயே உழுந்து பூட்டானாம். ஒழிஞ்சான்." நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது. சாவுக்கு அவர் சம்சாரம் வந்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இப்போது வயதாகிவிட்டது. துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்தாகிவிட்டது. கண் புரை அறுவைக்குப் பிறகு, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். நேற்று பேரன் விளையாட்டாக எதையோ உடைத்துவிட்டு, வேறொரு பிள்ளையைக் கை காட்டினான். இவர் அவனை மடியில் உட்காரவைத்து, "எவ்ளோ பெரிய தப்பா இருந்தாலும் ஒத்துக்கணும்டா. ஒருத்தன் எனுக்குப் பண்ணான், கடைசில அவனே ஒத்துக்கினான். அதுக்காகவே அவன மன்னிச்சிட்டேன்" என்றார்.

மன்னித்துவிட்டாராம். இத்தனை வருஷத் திட்டைத் தாங்கிக்கொண்டேன். அந்த மன்னிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். அரிசிப் பானைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, எழுதிய இந்தத் தாள்களுக்கு மேலே வைத்திருக்கிறேன். பென்சில் கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் நம்பர் முழுசாகத் தெரிகிறது. வாய்விட்டுப் படித்தும் பார்த்துவிட்டேன்.

அவர் எழுந்துவிட்டார். முற்றத்தில் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறது. பேப்பர் இன்னும் வரவில்லை. காப்பியையும் இந்தத் தாள்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறேன். அவருடைய கண்ணாடியைத் துடைத்துவிட்டேன், அழுத்தாமல்.